ஃபோர்காஸ்ட்டுக்கு தமிழ்ல என்ன? பிரவசனமா, முன்கணிப்பா, மதிப்பீடா?

பாலக்காட்டு எல்லையில கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் கேரளா அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்கு படிக்கிற நம்ம பசங்க கையில ஒரு மலையாள கைடு இருக்கும், கூடவே பொள்ளாச்சியில வாங்கின டிஎன்பிஎஸ்சி புக்கும் இருக்கும். ஜிடிபிக்கு அதுல மொத்த ஆப்யந்தர உல்பாதனம், இதுல மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதுல ஒண்ணும் குழப்பமில்லீங்க. வளர்ச்சி 'பிரவசனம்'னு வர்ற இடத்துலதான் சிக்கல். நமக்கு பிரவசனம்னா சாயங்காலம் கோயில்ல உக்காந்து கேக்கறது, மலையாளத்துல அது நடக்கப்போறத முன்னாடியே சொல்றது, டிவியில தினமும் வர்ற காலாவஸ்தா பிரவசனம் இருக்கே, அதே அர்த்தந்தான்.

இங்கிலீஷ்ல ஃபோர்னா முன்னாடி, காஸ்ட்டுக்கு எறியறதுங்கறதோட கணக்கு போடறதுன்னும் பழைய அர்த்தம் ஒண்ணு உண்டு. 1861ல லண்டன் டைம்ஸ் பேப்பர்ல வானிலை அறிவிப்பு வர ஆரம்பிச்சப்போ அத தயார் பண்ண ராபர்ட் ஃபிட்ஸ்ராய், இது தீர்க்கதரிசனம் இல்ல, கணக்கு போட்டு வந்த கருத்துன்னு காட்டத்தான் ஃபோர்காஸ்ட்ங்கற வார்த்தைய புடிச்சுக்கிட்டார். அப்போ தமிழ்ல முன்கணிப்புதான் பொருந்தும், ஆரூடம்னு எழுதற பத்திரிகைக்காரங்கள நான் ஏத்துக்க மாட்டேன். (வேடிக்கை என்னன்னா பழைய தமிழ்ல கணியன்னாலே நாள் பாக்கறவன்தான், கேரளாவுல கணியான்னு இன்னிக்கும் சொல்றாங்க.)

எஸ்டிமேட் வேற, அது மதிப்பீடு. தேங்கா வியாபாரி தோப்புக்குள்ள வந்து அண்ணாந்து பாத்து இத்தன காய் வரும்னு சொன்னா முன்கணிப்பு, பாதி மரம் ஏறி எறக்குன காய எண்ணிட்டு மிச்சத்துக்கும் சேத்து ஒரு நம்பர் சொன்னா முன்கூட்டிய மதிப்பீடு, லாரியில ஏத்தி எண்ணி முடிச்சதுக்கப்புறம் வர்றது அடுத்தடுத்த திருத்தம்.

இந்தியாவோட ஜிடிபி வளர்ச்சியில 2023-24 ஒரு வருஷத்த மட்டும் எடுத்துக்கோங்க. 2023 ஏப்ரல்ல ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) 5.9 சதவீதம்னுச்சு, அதே மாசம் ரிசர்வ் வங்கி 6.5ன்னுச்சு, இது ரெண்டும் முன்கணிப்பு. 2024 ஜனவரியில தேசியப் புள்ளியியல் அலுவலகம் முதல் முன்கூட்டிய மதிப்பீடா 7.3 குடுத்துச்சு, பிப்ரவரியில அது 7.6 ஆச்சு, மே கடைசியில தற்காலிக மதிப்பீடு 8.2, 2025 பிப்ரவரியில திருத்தினது 9.2. ஒரே வருஷத்துக்கு ஆறு நம்பர், ஒண்ணும் பொய்யில்ல, அதனால நம்பர மட்டும் நெட்டுரு போட்டுட்டு யாரு சொன்னது எந்த மாசம் சொன்னதுன்னு விட்டா ஆப்ஷன்ல நாலும் சரி மாதிரியே தெரியும்.

பட்ஜெட்ல வர்றது பல நேரம் நாமினல் வளர்ச்சி, அதாவது விலைவாசி ஏத்தமும் சேந்தது, மேல சொன்ன ஆறும் விலைவாசிய கழிச்ச உண்மை வளர்ச்சி, ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. அப்புறம் ஐஎம்எஃப் அட்டவணையில இந்தியாவுக்கு நேரா 2023ன்னு இருந்தா அது ஜனவரி டு டிசம்பர் இல்லீங்க, நம்ம நிதியாண்டு 2023-24.