இன்ஸ்பையர் மானக் விருது: 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வந்து சேர

வியாசர்பாடியில் எட்டாவது படித்த ஒரு பெண். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று பஸ்ஸில் ஏற்ற மறுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கூடைக்கு அடியில் இன்னொரு தட்டு, அதில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஓரத்தில் ஒரு மூடி என்று நோட்டில் வரைந்து கொடுத்தாள். இன்ஸ்பையர் மானக் விருதுக்கு அந்த யோசனை தேர்வானது, பணம் வரவில்லை. பழைய பாஸ்புக்கில் இருந்த ஐஎஃப்எஸ்சி எண்ணை, அதாவது வங்கிக் கிளையின் குறியீட்டைப் பள்ளியில் அப்படியே ஏற்றியிருந்தார்கள். அந்த வங்கியே வேறொன்றோடு இணைந்துவிட்டிருந்தது. கேட்டபோதெல்லாம் "மேலேருந்து வரணும்மா" என்ற ஒரே பதில். கடைசியில் இரண்டு பெயின்ட் வாளிகளை வெட்டி ஒட்டி எடுத்துக்கொண்டுதான் மாவட்டக் கண்காட்சிக்குப் போனாள். இதை எழுதுவது அவளை நினைத்துத்தான்.

இன்ஸ்பையர் மானக் என்பது பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை என்று இருந்ததை இப்போது பன்னிரண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். அரசு, மாநகராட்சி, உதவிபெறும், தனியார் என எந்தப் பள்ளியானாலும் ஐந்து பேர் வரை பரிந்துரைக்கலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் சிக்கல், பிள்ளையோ பெற்றோரோ நேராக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் திட்டத்தின் இணையப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். "எங்க ஸ்கூல்ல அதெல்லாம் இல்லையே" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். பல இடங்களில் பள்ளி எப்போதோ பதிவாகியிருக்கும். பாஸ்வேர்டு மட்டும் மாற்றலாகிப் போன ஆசிரியரின் மெயிலில் கிடக்கும். அதை மீட்க சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸில் கேட்க வேண்டியது தலைமை ஆசிரியரின் வேலை, உங்கள் வேலை அல்ல. மாநகராட்சிப் பள்ளி என்றால் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அனுப்பிப் பார்ப்பார்கள். எங்கே போனாலும் மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது.

கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பள்ளி திறந்ததுமே கேட்டு வையுங்கள். ஏற்றிவிட்டோம் என்று சொன்னாலும், விண்ணப்பம் சேமித்த நிலையிலேயே நிற்கிறதா, மேலே அனுப்பப்பட்டதா என்று திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பதிவு எண்ணைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது வங்கி. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பணம் மாணவரின் கணக்குக்கு நேராக வருகிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. கிளையில் முடியாது என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் பரிந்துரைக்கு முன்பே ஒன்றாக்குங்கள். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் 2020-இல் இணைந்துவிட்டன. பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் புதியது வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்காக என்றோ தொடங்கிய கணக்கு, இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருக்கவும் கூடும். நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, யோசனை எப்படி இருக்க வேண்டும்? கடையில் ரெடிமேடாக விற்கும் எரிமலை மாடல் வேலைக்கு ஆகாது. புதிதா, மக்களுக்குப் பயன்படுமா, இருப்பதைவிட மேலா என்றுதான் பார்க்கிறார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளை, நடுவரின் இரண்டாவது கேள்வியிலேயே திணறிப்போகும். நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் ஐந்து பேரையே அனுப்பும் பள்ளிகளும் உண்டு. மதிப்பெண் இதற்குத் தகுதியே அல்ல. உங்கள் பிள்ளை கடைசி பெஞ்ச் என்றாலும் யோசனையை எழுதிக் கொடுத்து, சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் வந்ததும் அதைப் பள்ளியில் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். அது மாதிரி செய்யவும் கண்காட்சிக்குக் கொண்டுபோகவும் பிள்ளைக்கு வந்த பணம். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் சென்சார், மோட்டார் வாங்கினால் பில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பணம் வாங்கிவிட்டுக் கண்காட்சிக்குப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்து மாதக்கணக்கில் பணம் வரவில்லையா? பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) இணையதளத்தில் அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், திரும்பி வந்ததா, ஏன்?" இந்த நான்கை மட்டும் கேளுங்கள்.