புளூ-ரே பிளேயர் வாங்கும் முன் வட்டுகளைக் கொண்டுவாருங்கள்

பினாங்கு லிட்டல் இந்தியா வட்டாரத்தில் ஒலி, ஒளிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்குத் தீபாவளி நெருங்கும் வாரங்களில் தவறாமல் வரும் கேள்வி, "டிவிடி பிளேயரைத் தள்ளிவிட்டுப் புளூ-ரே வாங்கலாமா?" என்பது. டிவிடியைவிடக் கூடுதல் தெளிவுள்ள படத்தைத் தாங்கிவரும் வட்டு வகைதான் புளூ-ரே. வீட்டில் என்னென்ன வட்டுகள் இருக்கின்றன என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் துணிப்பை நிறைய வட்டுகளோடு வந்தார். மேசையில் பரப்பி இருவரும் பிரித்தோம். பாதிக்கு மேல் விசிடி, மீதி டிவிடி, சென்னைக்குப் போன மகள் வாங்கி வந்த புளூ-ரே இரண்டே இரண்டு. "புது பிளேயரில் போட்டால் எல்லாமே தெளிவாகிவிடும் அல்லவா, தம்பி?" என்று கேட்டார். இந்த நம்பிக்கையில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

விசிடியில் உள்ள படம் அதிகம் போனால் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள்; டிவிடியில் 720க்கு 576; புளூ-ரேயில் 1920க்கு 1080, அதாவது மொத்தப் புள்ளிகளில் டிவிடியைப் போல் 5 மடங்கு. டிவிடியைப் படிக்கும் சிவப்புக் கதிரின் அலைநீளம் 650 நானோமீட்டர், புளூ-ரேயின் நீல ஊதாக் கதிருக்கு 405 என்பதால், அதே அளவு வட்டில் இன்னும் நெருக்கமாக எழுதி, ஓர் அடுக்கில் 4.7 ஜிபிக்குப் பதிலாக 25 ஜிபி வைக்க முடிகிறது. புளூ-ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும். ஆனால் அதில் இருக்கும் புள்ளிகளை விரித்துக் காட்டுமே தவிர, வட்டில் பதியாத நுணுக்கத்தை அதனால் உண்டாக்க முடியாது. விசிடியையோ எல்லாப் புளூ-ரே பிளேயர்களும் ஏற்பதில்லை. இதை வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நம் மக்கள் அதிகம் ஏமாறும் இடம், ஒரு வட்டு எந்த நாடுகளின் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறி. புளூ-ரேயில் மலேசியா 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். தமிழ் டிவிடிகள் பல எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வந்ததால் இந்தத் தொல்லையை நாம் அறியாமலே இருந்துவிட்டோம். அட்டையின் பின்புறம் அறுகோணத்துக்குள் 'சி' என்று மட்டும் இருந்தால், இங்கே விற்கும் பிளேயர் அந்த வட்டை மறுத்துவிடும். 'ஏ, பி, சி' மூன்றும் இருந்தால் கவலையில்லை. 4கே புளூ-ரே வட்டுகளுக்கு இந்த மண்டலப் பிரிவினையே கிடையாது.

அடுத்தது தொலைக்காட்சி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிள் மட்டுமே மாட்டக்கூடிய பழைய பெட்டி என்றால் உயர்தெளிவுப் படம் கிடைக்காது. 2013ஆம் ஆண்டுக்குப் பின் தயாரான புளூ-ரே பிளேயர்களில் உரிம விதிப்படி அந்த மஞ்சள் துளையே இல்லை. படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் வாங்கும் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தும், 32 அங்குலப் பெட்டியை 10 அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில், டிவிடியின் புள்ளிகளையே கண்ணால் பிரித்தறிவது கடினமான தூரம் அது; புளூ-ரேயின் கூடுதல் புள்ளிகளால் பெரிய பயன் இராது. 55 அங்குலப் பெட்டி, 7 அடி தூரம், இனியும் வட்டு வாங்கும் எண்ணம், நல்ல ஒலிபெருக்கி ஆகியவை உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் இந்தத் துறையிலிருந்து விலகிவிட்டதால், பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மையாரின் டிவிடி பிளேயரைத் திறந்தபோது, நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸின் மேல் மெல்லிய படலம் படிந்திருந்தது. அதைத் துடைத்து, பின்னால் பயன்படுத்தாமலேயே கிடந்த ஹெச்டிஎம்ஐ துளையில் ஒரு கேபிளை மாட்டிக் காட்டினேன். எழுத்துகளின் ஓரத்தில் இருந்த கசிவு மறைந்தது. இரண்டு புளூ-ரேக்களில் ஒன்றில் 'சி' மட்டுமே இருந்தது. அதைப் பையின் ஓரத்தில் தனியாக வைத்துக்கொண்டு, கேபிளுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.