சூடம் அணைத்தும் அடங்காத கேள்வி

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் எனக்குத் தெரியும், ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த புதுப்பெண்களில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போகாமல் என் அறைக்கு வருவார்கள். இந்த ஆவணியில் இது நான்காவது. வேலூர் சத்துவாச்சாரியில் குடும்ப ஆலோசகராக உட்கார்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. போன வாரம் வந்த குடும்பத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கல்யாணமாகி ஐந்து மாதம். அந்தப் பெண் கல்லூரியில் படித்தபோது ஒரு பையனோடு பழகியிருக்கிறாள். அது அங்கேயே முடிந்துவிட்டது. "நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாம், எதுவா இருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்று கணவர் கேட்டதால் அவளே சொன்னாள். அன்றைக்கு அவர் நிஜமாகவே ஒன்றும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. எங்கே பார்த்துக்கொண்டீர்கள்? கோட்டைக்குப் போனீர்களா? பைக்கில் உட்கார்ந்தாயா? ஒரு பக்கமாகவா, இரண்டு பக்கமும் கால் போட்டா? கடைசியில் குலதெய்வக் கோயிலில் சூடம் ஏற்றி, 'அதற்கு மேல் ஒன்றும் இல்லை' என்று அணைத்துச் சத்தியம் செய்தாள். மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள், "சூடத்தை அணைக்கும்போது நீ என் கண்ணைப் பார்க்கலையே" என்றாராம்.

இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பையனின் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "நீங்க விசாரிச்சா சொல்லிடுவா மேடம். முழுசா தெரிஞ்சிட்டா எம்புள்ள அடங்கிடுவான்" என்றார். பெண்ணின் தாய்மாமன், பொய்யைக் கண்டுபிடிக்கிற மிஷின் இருக்கிறதா என்று கேட்டார். இல்லைங்க. இருந்தாலும் போட மாட்டேன். முதல் சந்திப்பில் மனைவியிடம் பழைய கதையைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்பதில்லை. பீஸ் வாங்கிக்கொண்டு எதுவுமே விசாரிக்கவில்லை என்று வெளியே போய்ப் பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

முழுசாகத் தெரிந்தால் அடங்கிவிடும் என்கிறார்களே, அடங்கவே அடங்காது. இது சொறி மாதிரி. சொறியும்போது சுகம், கையை எடுத்ததும் எரிச்சல். ராத்திரி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தவர் மறுபடி எழுந்து இழுத்துப் பார்க்கிறாரே, பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பதில் கிடைத்ததும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்தச் சுகத்துக்குப் பழகிய மனசு அடுத்த கேள்வியைத் தேடிப் பிடிக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு பதிலும் ஒரு படமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவளே மறந்துபோன ஒரு மத்தியானத்தை இவர் அகழி, மதில், புல்தரையோடு தினமும் பார்க்கிறார். இப்போதெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமே போவதில்லையாம், கோட்டை கண்ணில் படுகிறதாம். காதலே இல்லாத பெண்களிடமும் இதே விசாரணை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே கிளாஸில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த பையனின் பெயர் போதுமானதாக இருந்தது.

மருமகளை 'டெஸ்ட்' எடுக்க அழைத்துப் போகலாமா என்று கேட்கும் மாமியார்களுக்கு: அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. வாயில் வரக்கூடாத பேச்சு அது.

மனைவிகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. கணவரின் பழைய காதலியின் இன்ஸ்டாகிராமை நடுராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் நான் பின்னால் சொல்லும் அதே வைத்தியம்தான்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். முடிந்துபோனதைக் கிளறுவது ஒரு வகை. 'இப்பவும் யாரோ வர்றாங்க', 'குழந்தை என் ஜாடையில இல்லை' என்று துணியைச் சோதிப்பதும், கம்பெனி கேட்டில் போய் நிற்பதும் வேறு வகை. குடியும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. அடிதடி, கொலை வரைக்கும் போகும். அதற்கு என்னைப் போன்றவர்களின் பேச்சு போதாது, மாத்திரை வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்திலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மந்திரித்துத் தாயத்து கட்டி ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள்.

கேட்கும் தம்பிகளே, கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள், பாதியைக் கேட்க உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அவள் போனை நோண்டாதீர்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பெண்களே, "இருந்தது, முடிஞ்சது, உங்களோட வாழத்தான் வந்திருக்கேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். எந்தச் சட்டை, எந்த தியேட்டர் என்பதற்கெல்லாம், "இதுக்குப் பதில் சொன்னா உங்களுக்குத்தான் தூக்கம் போகும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை நீட்டினால் கதை வேறு. அடி விழும் வீட்டுத் தம்பதியை நான் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவதே இல்லை. இங்கே அவள் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யுங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள். மனசு தாங்காமல் தப்பான எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

பெரியவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். பையன் ராத்திரி வந்து அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு விடுங்கள். சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, பெரியப்பா சித்தப்பாவைக் கூட்டி, நாத்தனாரைச் சாட்சிக்கு உட்கார வைக்காதீர்கள். கணவன் ஒரு வருடத்தில் தேறிவிடுகிறான், அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேறாமல் நிற்பவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். அவன் மறந்த பிறகும் வளைகாப்பில் நாத்தனார் ஜாடையாக ஒரு வார்த்தை விடுவாள். பெண்ணின் அப்பா அந்த வாசலை மிதிக்க மாட்டார்.

நான் சொன்ன அந்தத் தம்பி புதன்கிழமை நோட்டோடு வருகிறார். மனைவி மட்டும் கூட வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். என் அறையில் நாற்காலியே மூன்றுதான்.