மருந்து ஊற்றும் முன் செவுளைப் பாருங்கள்

"சார், மீன் மேல வந்து வாயைப் பிளக்குது, என்ன மருந்து ஊத்தலாம்?" கெண்டை மீன் வளர்ப்பவர்களிடமிருந்து எங்கள் லேபுக்குப் போனில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். என்ன நோய் என்று கேட்பவர்கள் குறைவு. சிலர் பக்கத்துக் குட்டைக்காரர் சொன்ன பூச்சிமருந்தை ஊற்றிவிட்டுத்தான் போனே செய்வார்கள்.

விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து, வெயில் ஏறியதும் கீழே போய்விட்டால் அது பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. ஏரேட்டர் போடுங்கள், புதுத் தண்ணீர் விடுங்கள். உச்சி வெயிலிலும் தண்ணீர் விழும் இடத்திலேயே கூட்டமாக நின்றால் செவுளைச் சந்தேகப்பட வேண்டும். குச்சியிலும் கல்லிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரிந்தால் தோலில் ஏதோ இருக்கிறது. மீன் பேனும் நங்கூரப் புழுவும் வெறும் கண்ணுக்கே தெரியும், துடுப்புகளின் அடியில் பார்த்தால் போதும், லேப் வரை வர வேண்டியதில்லை.

மற்றதற்கெல்லாம் மைக்ரோஸ்கோப் வேண்டும், அதற்கு உயிருள்ள மீன் வேண்டும். செத்து மிதந்ததை ஐஸில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் நான் பார்ப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது, ஏனென்றால் மீன் செத்த கொஞ்ச நேரத்திலேயே ஒட்டுண்ணிகளில் பல கழன்றுவிடும், மீதி உருத் தெரியாமல் சிதைந்துவிடும். சோர்ந்து நீந்துகிற நாலைந்து மீனைக் குளத்துத் தண்ணீரிலேயே, ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டுவாருங்கள்.

செவுளில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஸ்லைடில் வைத்து, அதே குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி 40 மடங்கில் பார்ப்போம். டாக்டைலோகைரஸ் என்ற செவுள் புழு இருந்தால் அட்டை மாதிரி நீண்டு சுருங்கும், தலைப்பக்கம் நாலு கறுப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இல்லாமல், உடம்புக்குள்ளேயே கொக்கியுள்ள குஞ்சு ஒன்று தெரிந்தால் அது கைரோடாக்டைலஸ் என்ற இன்னொரு புழு. டிரைகோடினா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி வட்டத் தட்டாகச் சுழன்றுகொண்டே ஓடும், நடுவில் பல் வைத்த வளையம் இருக்கும். மெதுவாக உருள்கிற பெரிய உருண்டைக்குள் லாட வடிவத்தில் கரு தெரிந்தால் வெண்புள்ளி நோய், இக். இக் மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: தோலுக்குள் இருப்பதை அது தொடாது, தண்ணீரில் நீந்தும் இளம் பருவத்தை மட்டுமே கொல்லும், அதனால்தான் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொல்கிறோம்.

ஒன்றிரண்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நன்றாக இருக்கும் மீனிலும் அந்த அளவு இருக்கும். எத்தனை மீனில், எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் கணக்கு.

எனக்கு எரிச்சல் வருவது கட்லா விஷயத்தில். செவுளில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கட்டிகள் இருக்கும், நசுக்கிப் பார்த்தால் ஒரு முனையில் இரண்டு பைகள் கொண்ட வித்துகள் குவியலாகக் கிடக்கும். இது மிக்சோபோலஸ் என்ற ஒட்டுண்ணி. இதற்கு நம்பகமான மருந்து கிடையாது, பூச்சிமருந்துக்குச் செலவழித்தது அத்தனையும் வீண். குட்டையில் விடும் மீன் எண்ணிக்கையைக் குறைத்து, செத்ததை உடனுக்குடன் எடுத்துப் புதைத்து, அறுவடைக்கு அப்புறம் குட்டையை நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு போடுவதுதான் வழி.

இறாலில் கதை வேறு. வனாமி வகை இறால் ஒரே குட்டையில் பெரிசும் சிறிசுமாக வளர்ந்தால் ஈஎச்பி என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்ட இந்த நுண்ணுயிரியின் வித்து ஒரு மைக்ரான் அளவுதான், 1000 மடங்கிலும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனைதான், அதுவும் குஞ்சு விடும் முன்பே. இறாலை உயிரோடு அனுப்ப முடியாவிட்டால் 95 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்புங்கள், ஃபார்மலின் வேண்டாம், அதில் டிஎன்ஏ கெட்டுவிடும்.