கீழ்ப் பல்செட் ஏன் ஆடுகிறது, இரண்டு இம்ப்ளான்ட் அதை எப்படிப் பிடித்து வைக்கிறது

பல் முழுவதும் போய்ப் பல்செட் போட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேல் செட் பரவாயில்லை, கீழ் செட்தான் பாடாய்ப் படுத்துகிறது என்பார்கள். பேசினால் தூக்குகிறது, மென்றால் நகர்கிறது, அடியில் ஒரு துணுக்கு புகுந்துவிட்டால் உயிர் போகிற வலி. செட் செய்த மருத்துவரைச் சிலர் குறை சொல்வார்கள். வயதானால் இப்படித்தான் என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் நன்றாகச் செய்த கீழ் செட்டும் ஆடும். அதற்குக் காரணம் வாயின் அமைப்பிலேயே இருக்கிறது.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. செட்டுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய உமிழ்நீர்ப் படலம் இருக்கிறது. ஓரங்கள் கன்னத்துச் சதையோடு ஒட்டி, காற்று உள்ளே போகாமல் தடுக்கின்றன. இவ்வளவு பரப்பு கிடைப்பதால் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழ்த் தாடையிலோ நடுவில் நாக்கு இருக்கிறது. எனவே கீழ் செட்டை லாட வடிவில்தான் செய்ய முடியும்; ஒட்டிக்கொள்ளப் பரப்பு மிகக் குறைவு. போதாததற்கு, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நாக்குக்கு அடியிலுள்ள வாய்த் தளம் மேலே எழும்பி அதைத் தள்ளுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் எலும்பு. தாடையில் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு, பல்லைத் தாங்குவதற்காகவே உருவானது. மெல்லும்போது பல் வேர் வழியாக அதற்கு விசை போய்க்கொண்டே இருக்கும். பல்லைப் பிடுங்கியதும் அந்த வேலை நின்றுபோகிறது. உடல் அந்த எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகக் கரையும். பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த் தாடை மேல் தாடையைவிடச் சுமார் 4 மடங்கு உயரத்தை இழக்கிறது என்று காட்டியது. ஒட்டப் பரப்பு குறைவாக உள்ள அதே தாடையில்தான் எலும்பும் அதிகம் போகிறது. மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டால், கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவரும் துளை ஏறக்குறைய மேற்பரப்புக்கே வந்துவிடும். அப்புறம் செட் அந்த நரம்பின் மேலேயே அழுத்தும். கடித்ததும் சுரீரென்று வலிப்பதாகச் சொல்பவர்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் டைட்டானியம் என்ற உலோகம் உதவிக்கு வருகிறது. 1952இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்பு ஆறும் விதத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து எடுக்கப் போனபோது அது வரவில்லை. எலும்பு அதோடு இணைந்துவிட்டிருந்தது. 1965இல் முதல்முறையாக மனிதத் தாடையில் டைட்டானிய இம்ப்ளான்ட்களை, அதாவது பல் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் சின்னத் திருகுகளை, வைத்தார். காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம் துருப்பிடிக்காது, உடலைச் சீண்டாது. எலும்புச் செல்கள் அதன்மேல் நேரடியாகவே புது எலும்பை வளர்க்கின்றன.

எலும்பு இணைய வேண்டுமானால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று சூடு. எலும்பை 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் வைத்தாலே அது சேதமாகத் தொடங்கும். அதனால்தான் துளையிடும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தி, உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே, சின்ன முனையிலிருந்து பெரிய முனைக்குப் படிப்படியாகப் போகிறார்கள். இன்னொன்று அசைவு. ஆறும் காலத்தில் இம்ப்ளான்ட் சுமார் 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டர்) மேல் அசைந்துகொண்டே இருந்தால், சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும், பிடிப்பு போய்விடும். முதல் சில வாரங்களில் பழைய எலும்பு கரைந்து புதியது வளர்வதால், பிடிப்பு சற்றுத் தளர்ந்த பிறகே ஏறும். வலி போய்விட்டதே என்று அந்தச் சமயத்தில் கெட்டியானதைக் கடிக்கக் கூடாது. கீழ்த் தாடைக்குச் சுமார் 3 மாதம் காத்திருப்பது பழைய வழக்கம். எலும்பு கெட்டியாக இருந்தால் அதற்கு முன்பே செட்டை இணைப்பதும் உண்டு.

கீழ்த் தாடையில் இரண்டு இம்ப்ளான்ட்களை முன்பக்கம், கோரைப்பற்கள் இருந்த இடங்களில் வைப்பார்கள். அங்கே எலும்பு கெட்டி. நான் சொன்ன நரம்புத் துளைகள் அதற்குப் பின்னால்தான் இருப்பதால் நரம்புக்கு ஆபத்தும் குறைவு. ஈறுக்கு மேலே தெரியும் தலைப்பகுதியும் செட்டின் அடியில் பதித்த உலோக மூடியும் சட்டையின் ப்ரெஸ் பட்டன் போல மாட்டிக்கொள்ளும். மூடிக்குள் ஒரு நைலான் வளையம் இருக்கும். பிடிப்பின் பலத்துக்கேற்ப வளையங்கள் வெவ்வேறு நிறங்களில் வரும். குமிழ், கம்பி, காந்தம் என்று வேறு வகைகளும் உண்டு.

இருக்கிற செட் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். மருத்துவர் அதன் அடியில் இரண்டு குழி குடைவார். மூடிகளை இம்ப்ளான்ட் தலைகளில் மாட்டி, குழிகளில் குழைவான அக்ரிலிக் பிளாஸ்டிக்கை வைத்து, செட்டை வாயில் பொருத்தி, லேசாகக் கடித்தபடி இருக்கச் சொல்வார். சில நிமிடங்களில் அது இறுகி, மூடிகள் செட்டோடு சேர்ந்துவிடும். அதற்கு முன் மூடியின் அடியில் ஒரு சின்னத் தடுப்பு வளையத்தைப் போட மறக்கக் கூடாது. அது இல்லாமல் அக்ரிலிக் தலைக்குக் கீழே வழிந்து இறுகினால் செட் வாயிலேயே பூட்டிக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் செட்டைத் தினமும் கழற்றித்தான் கழுவ வேண்டும். இது நிலையான பல் அல்ல. பின்பக்கம் செட் இன்னும் ஈறின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கடைவாய்ப் பக்கம் கடித்தால், இரண்டு இம்ப்ளான்ட்களையும் இணைக்கும் கோட்டை அச்சாக வைத்துக் கொஞ்சம் சாயும். ஆனால் முன்பக்கம் தூக்காது, பக்கவாட்டில் ஓடாது. சாப்பிடுபவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டியது சாதாரண செட் அல்ல, இரண்டு இம்ப்ளான்ட் பிடித்த செட்தான் என்று அறிவித்தார்கள். மூன்றாவது முறையாகப் புது செட் செய்யப் போகிறவர், அதற்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

மேல் தாடைக்கு இரண்டு போதாது. எலும்பு மிருதுவானது, மேலே சைனஸ் அறை வேறு. பொதுவாக 4 வைப்பார்கள்.

வயது மட்டும் தடை இல்லை. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், புகைபிடித்தல், தாடையில் வாங்கிய கதிர்வீச்சு சிகிச்சை, எலும்பைப் பலப்படுத்தும் சில மருந்துகள் ஆகியவைதான் யோசிக்க வைப்பவை. எல்லாவற்றையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பும் கேட்கும். இம்ப்ளான்ட் சொத்தையாகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழுக்குப் படிந்தால் வீக்கம் வந்து எலும்பையே கரைத்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தலைப்பகுதியைச் சுற்றித் தினமும் தேய்க்க வேண்டும். செட்டை விரலால் அழுத்தி மாட்ட வேண்டும். கடித்து மாட்டினால் நைலான் சீக்கிரம் நசுங்கும். பிடிப்பு தளர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் வளையம்தான் தேய்ந்திருக்கும். மாற்றச் சில நிமிடங்கள் போதும். வளையம் புதிதாக இருந்தும் பின்பக்கம் உணவு புகுந்தால், அங்கே எலும்பு இன்னும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது செட்டின் அடிப்பாகத்தை ஈறுக்கு ஏற்ப மறுபடி நிரப்பித் தர வேண்டியிருக்கும்.