பணம் கேட்கும் ஊசியும் பணம் கேட்காத செல் வங்கியும்

புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவம் பார்க்கிறேன். கடலூர், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களிடம் பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) என்று சொன்னதும், அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடுமா, ஐயா?" ஸ்டெம் செல் என்பது உடலின் வேறு வகைச் செல்களாக உருமாறக்கூடிய மூலச் செல். முந்திரித் தோப்பை அடமானம் வைத்து, எங்கோ ஒரு தனியார் மையத்தில் லட்சங்களைக் கட்டிவிட்டு, அதே நடுக்கத்தோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கொதிக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் குழப்பமே இல்லை. இரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. முறைப்படி அனுமதி பெற்றுப் பதிவு செய்த மருத்துவப் பரிசோதனையில் கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஜப்பானின் கியோட்டோவில் அப்படியொரு பார்க்கின்சன் பரிசோதனை நடந்து, 2025இல் முடிவுகள் வெளிவந்தன. பங்கேற்றவர்கள் 7 பேர். பெரிய பாதகம் இல்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அது முதல் படி.

இன்றைக்கு ஸ்டெம் செல் உண்மையில் பயன்படும் இடம் ஆய்வகம். உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து நரம்பணுவை வெட்டியெடுத்துச் சோதிக்க முடியாது. கை நடுங்கத் தொடங்கும்போதே உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் கணிசமான பகுதி அழிந்திருக்கும். எனவே நோய் எப்படித் தொடங்கியது என்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லை 4 மரபணுக்களைக் கொண்டு ஸ்டெம் செல்லாக மாற்றினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. 2012இல் நோபல் பரிசு. இப்போது நோயாளியின் சிறிதளவு இரத்தமோ தோலோ போதும், அவருடைய மரபணுக்களைத் தாங்கிய நரம்பணுவை ஆய்வகத் தட்டில் வளர்த்துவிடலாம்.

ஆனால் ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொருவரின் செல்லில் சோதித்தால் முடிவுகள் முட்டிக்கொள்கின்றன. பாகூரில் ஒரு வயலிலும் நெல்லிக்குப்பத்தில் இன்னொரு வயலிலும் உரத்தைப் போட்டுவிட்டு, விளைச்சல் உரத்தாலா மண்ணாலா என்று கேட்பது போலத்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐஎன்டிஐ திட்டம் இதற்காகவே கோல்ஃப்2.1ஜே என்ற ஒரே செல் வரிசையை, அதாவது ஒரே மனிதரிடமிருந்து எடுத்துப் பெருக்கிய ஸ்டெம் செல்களை, எடுத்துக்கொண்டது. அல்சைமர் மற்றும் அதைச் சார்ந்த மறதிநோய்களோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களை, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் தனித்தனியாக அதில் புகுத்துகிறார்கள். மற்ற மரபணுக்கள் எல்லாம் ஒன்றே என்பதால், தெரியும் வேறுபாட்டுக்கு அந்த ஒரு மாற்றத்தையே முதலில் சந்தேகிக்கலாம். அந்தச் செல்களை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அனுப்புகிறது. தட்டில் வளரும் நரம்பணு வயதில் இளையது, முதுமையில் வரும் நோயை முழுதாகக் காட்டாது. இந்தக் குறையையும் சொல்லியாக வேண்டும்.

என் கவலை வேறொன்று. அந்தச் செல் வரிசை ஐரோப்பிய வம்சாவளி ஆண் ஒருவருடையது. ஆய்வுக்காகச் செல்களைச் சேமித்துவைக்கும் உலகின் செல் வங்கிகளில் இருப்பவையும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் செல்கள்தாம். நம் பக்கத்தில் மாமன் மகளை, அக்கா மகளை மணப்பது இன்றும் உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்வதால் இளவயதில் தோன்றும் பார்க்கின்சன் வகைகள் இப்படிப்பட்ட குடும்பங்களில் வர வாய்ப்பு அதிகம். அவர்களுடைய செல்கள் வங்கியில் இல்லையென்றால் அந்த நோயை யார் ஆராய்வது? பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தோடும் ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமோடும் சேர்ந்து, மறதிநோய் உள்ளிட்ட மூளை நோய்கள் இருக்கும் இந்தியக் குடும்பங்களின் செல்களைச் சேர்த்துவருகிறது. தமிழ்க் குடும்பங்களும் இத்தகைய ஆய்வுகளில் நிறைய இடம்பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குப் பார்க்கின்சனோ மறதிநோயோ இருந்தால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆய்வுக்கு இரத்தம் கேட்டால், கையெழுத்திடும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, பெயருக்குப் பதில் குறியீட்டு எண் இடுவார்களா, செல் வெளிநாட்டுக்குப் போகுமா, நிறுவனங்கள் அதை வணிகத்துக்குப் பயன்படுத்துமா, பிறகு விலக நினைத்தால் என்ன செய்வார்கள் என்று தமிழிலேயே கேளுங்கள். ஒப்புதல் படிவத்தையும் தமிழில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.