ஸ்வெட்டர் வாங்கியாச்சு, சரி. மாத்திரைப் பட்டியல் எங்கே?

பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆர்க்டிக் கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார்கள். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் இருந்து விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம் போனால் ஸ்வால்பார்ட் தீவுகளின் லாங்யியர்பியன், 78 டிகிரி வட அட்சரேகை. அங்கே கப்பல் ஏற வேண்டும். நல்ல விஷயம்தான். நானும் சில கோடைகள் அந்தக் கப்பல்களில் மருத்துவராக இருந்துவிட்டுத்தான் புதுச்சேரியில் கிளினிக் போட்டேன். ஆனால் கிளம்புவதற்கு முன் என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: "குளிரைத் தாங்குவேனா டாக்டர்?"

தாங்குவீர்கள். ஜூலையில் அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதே அபூர்வம். கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், காற்று புகாத மேலங்கி, தொப்பி, கையுறை இருந்தால் போதும். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. குளிர் பற்றி அவ்வளவுதான். கப்பலுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, சட்டையோடு உட்காரலாம்.

இந்தக் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி. ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் சாப்பிடுகிறவர். கப்பலின் மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். மூன்றாம் நாள் இரவு, ரப்பர் செருப்போடு பாத்ரூமுக்குப் போனவர் வாசலில் இருந்த உயரமான விளிம்பில் தடுக்கி விழுந்து, தலையை வாஷ்பேசினில் மோதிக்கொண்டார். காயம் சின்னதுதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்குத் தலையில் அடிபட்டால் ஸ்கேன் எடுக்காமல் எந்த டாக்டரும் தூங்கமாட்டார். அவர் மாத்திரை சாப்பிடுவதே கப்பல் டாக்டருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் மனைவி கைப்பையில் இருந்து பாதி காலியான அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் கப்பலைத் திருப்பினார்கள். லாங்யியர்பியன், அங்கிருந்து மறுபடி விமானத்தில் நார்வே நிலப்பரப்பில் இருக்கும் டிராம்சோ. ஆள் பிழைத்தார். பில்லை மகன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னது: "கப்பல்லதான் டாக்டர் இருக்காரே சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், இருக்கிறார். ஒருவர். சில கப்பல்களில் கூடவே ஒரு நர்ஸ். கட்டில் ஒன்றிரண்டு, ஆக்சிஜன், ஈசிஜி, தையல் போடச் சாமான், டிரிப், மாரடைப்பில் முதல் மணி நேரத்துக்கு வேண்டிய மருந்துகள். நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கடலில் மிதக்க விட்டால் எப்படியோ அப்படி. அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. ரத்த வங்கி கிடையாது. அறுவை சிகிச்சை அரங்கு கிடையாது. ஆஞ்சியோ கிடையவே கிடையாது. கப்பல் டாக்டரின் வேலை உங்களைக் குணப்படுத்துவது அல்ல, ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு கொண்டு சேர்ப்பது. அந்த ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இல்லை. லாங்யியர்பியனில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய சிக்கல் என்றால் நார்வே நிலப்பரப்புக்கு, டிராம்சோவுக்கு அனுப்புவார்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஹெலிகாப்டர் வருமே என்கிறீர்களா? பனிமூட்டம் இல்லாவிட்டால், எட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தால், வரும். ஜிப்மருக்கு ஆட்டோ பிடித்துப் போகிற பழக்கத்தில் இருக்கும் நமக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை.

அதனால் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் மருந்தில் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. மருந்தின் மூலப் பெயர், அளவு, வேளை எல்லாம் ஒரு தாளில் டைப் செய்து, பாஸ்போர்ட்டோடு ஒரு நகல், மனைவியிடமோ கணவரிடமோ ஒரு நகல். மாத்திரைகள் மொத்தமும் கைப்பையில். பெரிய பெட்டி ஓஸ்லோவில் தங்கிவிட்டால் கப்பல் காத்திருக்காது, தீவில் மருந்துக்கடையைத் தேடிக்கொண்டிருக்கவும் நேரம் இருக்காது. இன்சுலினை லக்கேஜில் போடவே போடாதீர்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

காப்பீடு: பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ பாலிசியே போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம், ஆனால் செங்கன் எல்லைக்கு வெளியே. பாலிசி அங்கே செல்லுமா, கப்பலில் இருந்து ஆளைத் தூக்கி வருகிற செலவு அதில் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கொடுப்பார்களா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விசாவும் இரட்டை நுழைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி ஓஸ்லோவுக்குள் நுழைய முடியாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு விசாத் தொல்லை இல்லை, காப்பீட்டுத் தொல்லை உண்டு.

கப்பல் ஏறிய முதல் மாலை பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். பயணக் களைப்பு என்று படுத்துக்கொள்ள முடியாது. அது முடிந்ததும் கேபினைப் பழகுங்கள். கண்ணாடிக் குப்பி, ஃபிளாஸ்க், போன் எதையும் மேஜை மேல் நிறுத்தி வைக்காதீர்கள். ராத்திரி தானாக இறங்கி வரும். பாத்ரூம் வாசல் விளிம்பைப் பகலிலேயே பத்து முறை தாண்டிப் பாருங்கள். கதவை மூடும்போது கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். கதவு நிலையில் விரலை வைத்துக்கொண்டு பேசுவது நம் வீட்டுப் பழக்கம். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தக் கனமான கதவு நசுக்கிய விரல்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நகம் கறுத்துப்போய், வலியில் பெரிய மனிதர்கள் குழந்தை மாதிரி அழுவார்கள். படியில் இறங்கும்போது ஒரு கை கைப்பிடிக் கம்பியில். அந்தக் கையில் காபி இருக்கக் கூடாது. ரப்பர் செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டு, வழுக்காத அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ வாங்குங்கள்.

அப்புறம், வாந்தி. "நாங்க கடற்கரை ஊர்க்காரங்க, எங்களுக்கு என்ன ஆகப்போவுது?" என்பார்கள். பீச் ரோட்டில் வாக்கிங் போவதும், தேவனாம்பட்டினத்தில் சுண்டல் தின்பதும் கடல் அனுபவம் ஆகாது. பல நாள் கரையில் இருந்துவிட்டு ஏறும் மாலுமிக்கே முதல் நாள் தலை சுற்றும். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் ஃபியோர்டுக்குள் தண்ணீர் குளம்போல இருக்கலாம், திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் தெரியும். மாத்திரை ஆட்டத்துக்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அவோமின் எல்லாருக்கும் ஏற்றதல்ல. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகைக் கண் அழுத்த நோய்க்கு ஆகாது, வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தில் விழும் ஆபத்து. உங்கள் டாக்டரைக் கேட்டு, ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். ரப்பர் படகில் கரைக்குப் போனால் இரண்டு மூன்று மணி நேரம் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். ஹீட்டர் காற்று ஏற்கெனவே உடம்பை உலர்த்துகிறது. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். அம்மா, தயவுசெய்து குடியுங்கள். படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தி, கிளம்பும்போது போய்விட்டு வந்து, திரும்பியதும் நிறையக் குடியுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் நேரத்தை மாற்றலாமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புடவையில் அந்தப் படகில் ஏற முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஏறும்போது ஊழியர் உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், போன் பைக்குள்.

பஃபேக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் மட்டும் போதாது, கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது.

லாங்யியர்பியனில் ஏப்ரல் 20 வாக்கில் இருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறையாது. இரவு பதினொன்றுக்கும் மேல்தளத்தில் வெயில். திமிங்கிலம் தெரிகிறது என்று ஒலிபெருக்கி கூப்பிடும், எல்லாரும் ஓடுவார்கள், தூக்கம் கெடும், அடுத்த நாள் படியில் தடுமாறுவார்கள். திரையை இழுத்து மூடி, கடிகாரம் பார்த்துப் படுங்கள். கோடையில் நார்வே நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். எட்டு மணி மாத்திரையை எந்த எட்டு மணிக்குப் போடுவது என்று இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும், இன்சுலின்காரர்கள் கட்டாயமாக. பல கப்பல்களில் கரையில் எதையும் தின்ன விடமாட்டார்கள். உங்களுக்குச் சர்க்கரை இறங்கும் என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள், குளிரில் அது ஒத்துழைக்காது.

பனிக்கரடி பற்றி யாரும் பயப்பட வேண்டாம். 2025 முதல் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி சொன்ன இடத்தில் நின்றால் போதும். அங்கே நான் பார்த்த நோயாளிகள் கரடியால் வந்தவர்கள் அல்ல, பாத்ரூமால் வந்தவர்கள்.

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு: படிவத்தை ஆன்லைனில் நீங்களே டிக் அடித்து அனுப்பாதீர்கள். அப்பா என்னென்ன சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பாவது அவரை அவருடைய டாக்டரிடம் அனுப்புங்கள். விமானத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் கிளினிக் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் மட்டும் போட்டுக் குடுங்க சார், கார் வெயிட்டிங்" என்றால், நான் போடுவதில்லை.